ஒரே சட்டியில் சமைத்து உடல் நிறையைக் கட்டுப்படுத்துதல்: புதிதாகத் தொடங்குவோருக்கான வழிகாட்டி

உடல் நிறையைக் குறைக்க வேண்டும் என்று வைத்தியர் சொன்னதும் கொழும்புத் தமிழ் வீடுகளில் பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான். அந்த ஒருவர் மட்டும் இரவில் சோற்றை நிறுத்திவிட்டுக் குரக்கன் ரொட்டிக்கு மாறுவார். வீட்டில் உள்ள மற்றவர்களுக்கு வழமையான சமையல் நடக்கும். இரண்டு அல்லது மூன்று வாரங்களில் சமைப்பவருக்கும் அலுத்துவிடும், சாப்பிடுபவருக்கும் அலுத்துவிடும். எங்கள் வீட்டிலும் இப்படி இரண்டு முறை தொடங்கி இரண்டு முறையும் கைவிட்டோம். மூன்றாவது முறை நாங்கள் தனிச் சமையல் எதையும் செய்யவில்லை. எல்லோருக்குமான அதே சட்டியில் என்ன போகிறது, எவ்வளவு போகிறது என்பதை அளந்தோம். அந்த முறையைத்தான், வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு சிறிய சமையலறையில் இன்று மாலையே தொடங்கக்கூடிய விதத்தில் இங்கே எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஓர் எச்சரிக்கையைக் கட்டாயமாகச் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், வளரும் பிள்ளைகள், உடல் மெலிந்த முதியவர்கள், சிறுநீரக நோயாளர் ஆகியோர் தாமாகவே உணவைக் குறைக்கக் கூடாது. உணவைப் பற்றிய அச்சத்தாலோ பட்டினி கிடக்கும் பழக்கத்தாலோ முன்பு அவதிப்பட்டவர்களுக்கும் இந்த அளவைக் கணக்கு உகந்ததன்று. இன்சுலின் ஏற்றுபவர்களும், கிளிக்லசைட் போன்ற நீரிழிவு மாத்திரைகளை எடுப்பவர்களும், மருந்தின் அளவை மாற்றாமல் சோற்றை மட்டும் குறைத்தால் குருதியில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். ஆகவே அவர்கள் முதலில் வைத்தியரிடம் பேசிவிட்டே தொடங்க வேண்டும்.

அடிப்படைக் கணக்கு

நாம் பேச்சில் கலோரி என்று சொல்வது உண்மையில் கிலோகலோரியை. இக்கட்டுரையிலும் அப்படியே எழுதுகிறேன். ஒரு கிராம் மாச்சத்தில் 4 கலோரியும், ஒரு கிராம் புரதத்தில் 4 கலோரியும், ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரியும் உள்ளன. கொழுப்பின் எண் மற்ற இரண்டையும்விட இரு மடங்கிற்கு மேல் என்பதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். நம் சமையலில் மறைந்து நிற்கும் கலோரியின் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது.

அலுவலகத்தில் அமர்ந்து வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,800 கலோரியும், ஓர் ஆணுக்கு ஏறத்தாழ 2,200 கலோரியும் தேவைப்படும். உயரம், வயது, உழைப்பு ஆகியவற்றைப் பொறுத்து இது கூடும், குறையும். உடற்கொழுப்பில் ஒரு கிலோகிராமுக்குச் சுமார் 7,700 கலோரி எனக் கொண்டால், நாளுக்கு 500 கலோரி குறைப்பவருக்கு வாரத்தில் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இறங்க வேண்டும். நடைமுறையில் உடல் இந்தக் கணக்குக்கு முழுவதும் கட்டுப்படுவதில்லை. நிறை குறையக் குறைய உடலின் தேவையும் குறைவதால் வேகம் தணியும். வைத்தியரின் கண்காணிப்பு இல்லாமல் பெண்கள் 1,200 கலோரிக்குக் கீழும் ஆண்கள் 1,500 கலோரிக்குக் கீழும் இறங்க வேண்டாம்.

யாருக்கு இது தேவை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிலோகிராமில் உள்ள நிறையை, மீற்றரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் உடற்திணிவுச் சுட்டெண் கிடைக்கும். ஆசிய மக்களுக்கு இந்த எண் 23ஐத் தாண்டும்போதே நீரிழிவு, இதய நோய் ஆகியவற்றின் ஆபத்து கூடத் தொடங்குவதாக உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் எடுத்துக்காட்டியது. தென்னாசிய ஆண்களின் இடுப்புச் சுற்றளவு 90 சென்ரிமீற்றரையும், பெண்களுடையது 80 சென்ரிமீற்றரையும் எட்டினால் கவனிக்க வேண்டும். கை, கால்கள் மெலிந்திருக்க வயிறு மட்டும் முன்தள்ளி நிற்கும் உடல்வாகு நம்மிடையே மிகுதி என்பதால், தராசைவிட அளவுநாடாவையே நான் கூடுதலாக நம்புகிறேன்.

முதல் வாரம்: எதையும் குறைக்காமல் அளந்து பாருங்கள்

தேவையான கருவிகள் மிகச் சில. கிராம் காட்டும் ஓர் இலத்திரனியல் சமையலறைத் தராசு, ஒரு மேசைக்கரண்டி, ஒரு தேக்கரண்டி, ஒரு கொப்பி. தராசு புறக்கோட்டைக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும். ஐந்து கிலோ வரை தாங்குவதாகப் பார்த்து வாங்கினால் சட்டியோடு வைத்து நிறுக்கலாம்.

முதலில் வீட்டிலுள்ள வெறும் சட்டிகளையும் தாச்சியையும் நிறுத்து, அவற்றின் நிறையைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். பிறகு உங்கள் வீட்டுச் சுண்டில் எத்தனை கிராம் அரிசி பிடிக்கிறது, கறி பரிமாறும் அகப்பையில் எத்தனை கிராம் பருப்புக் கறி வருகிறது, சோற்று அகப்பையை நீங்கள் வழமையாகக் கோலும் விதத்தில் கோலினால் எத்தனை கிராம் சோறு ஏறுகிறது என்று நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். சுண்டும் அகப்பையும் வீட்டுக்கு வீடு மாறும்; ஆகையால் என் வீட்டு எண்ணை இங்கே தருவதில் பயனில்லை. அரைமணி நேரத்தில் முடியும் இந்த வேலையை ஒருமுறை செய்துவிட்டால், பின்னர் ஒவ்வொரு வேளையும் தராசைத் தேட வேண்டியதில்லை. அகப்பையே தராசாகிவிடும்.

அந்த வாரம் முழுவதும் வழமைபோலவே சமையுங்கள், வழமைபோலவே சாப்பிடுங்கள். சாப்பிட்டதை அன்றே எழுதுங்கள். சமைக்கும்போது வாயில் போட்ட வடைத் துண்டு, பிள்ளை மிச்சம் வைத்த அரைப் பாண் துண்டு, மாலைத் தேநீரோடு வந்த இரண்டு பிஸ்கட் எல்லாவற்றுக்கும் கொப்பியில் இடம் உண்டு. இந்த வாரத்தைத் தாண்டிக் குதித்தவர்கள் எதைக் குறைப்பது என்று தெரியாமல் கீரையைக்கூடக் குறைத்துக்கொள்வதை நான் கண்டிருக்கிறேன்.

எண்ணெய்ப் போத்தலில் திகதி

ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி உள்ளது, தேக்கரண்டியில் 40. தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். உடல்நலத்துக்கு எது உகந்தது என்பது வேறு கேள்வி. நிறையைப் பொறுத்தவரை அவற்றுக்குள் வேறுபாடு இல்லை.

புதிய ஒரு லீற்றர் போத்தலைத் திறக்கும் நாளில் அதன் மேல் திகதியை எழுதுங்கள். அந்தப் போத்தலில் சுமார் 8,200 கலோரி இருக்கிறது. நால்வர் உள்ள வீட்டில் அது பத்து நாளில் முடிந்தால், ஒவ்வொருவரும் எண்ணெயில் மட்டும் நாளுக்கு 200 கலோரிக்குச் சற்று மேலாக உண்கிறார்கள் என்று பொருள். அதே போத்தல் இருபது நாள் நின்றால் அந்த எண் பாதியாகிவிடும். எந்த உணவையும் விலக்காமல், எவருக்கும் தனியாகச் சமைக்காமல், ஆளுக்கு நாளொன்றுக்கு 100 கலோரி இப்படிக் குறைகிறது.

எப்படி இருபது நாளுக்கு நீட்டுவது? போத்தலைச் சரித்து ஊற்றுவதை நிறுத்தி, கரண்டியால் அளந்து ஊற்றுவது முதல் மாற்றம். தாளிதத்துக்கு இரண்டு தேக்கரண்டி எண்ணெய் போதும். சிறிய தாச்சியில் தாளித்தால் கடுகும் செத்தல் மிளகாயும் கறிவேப்பிலையும் அதிலேயே நன்றாகப் பொரியும். அகன்ற தாச்சியில் அதே அளவு எண்ணெய் பரந்துபோய்த் தீய்ந்துவிடும் என்பதால்தான் கை தானாகவே கூடுதலாக ஊற்றுகிறது.

கத்தரிக்காயைத் தனியாகச் சொல்ல வேண்டும். அரைக் கிலோ கத்தரிக்காயில் 125 கலோரி அளவே உள்ளது. ஆனால் அதைப் பொரித்துப் பால்கறி வைக்கும்போது அது பஞ்சுபோல எண்ணெயைக் குடிக்கும். ஒருமுறை பொரிப்பதற்கு முன்னும் பின்னும் எண்ணெயை நிறுத்துப் பார்த்தேன். 65 கிராம் குறைந்திருந்தது. 65ஐ 9ஆல் பெருக்கினால் 585 கலோரி. இப்போது துண்டுகளில் உப்பும் மஞ்சளும் பூசி, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டுப் பிரட்டி, மூடி வைத்து மெல்லிய நெருப்பில் வதக்கியபின் கறி வைக்கிறோம். பொரித்த கத்தரிக்காயின் சுவை இதில் முழுமையாக வராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆகவே மாதத்தில் ஒருமுறை பொரித்தே வைப்போம், அன்றைக்கு அதைக் கணக்கிலும் எழுதுவோம்.

தேங்காயும் சட்டிக் கணக்கும்

நூறு கிராம் தேங்காய்ப்பூவில் சுமார் 350 கலோரி இருக்கிறது. பால்கறி, சொதி, சம்பல், பிட்டு என்று ஒரே நாளில் நான்கு இடங்களில் தேங்காய் வருவது நம் வீடுகளில் இயல்பு. தேங்காயை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்லும் எந்தத் திட்டமும் நம் வீடுகளில் ஒரு மாதம் தாங்காது. துருவியதை ஒருமுறை நிறுத்துப் பார்த்து, அன்றைய நாளின் எல்லாச் சமையலுக்கும் அந்த அளவைப் பங்கிடுங்கள். காலையில் சம்பல் என்றால் மதியம் பருப்பை இரண்டாம் பாலில் வேகவைத்து இறக்குங்கள். இரவுக்குச் சொதி என்றால் மதியக் கறிகளில் ஒன்றை மிளகுப் பிரட்டலாகவோ, புளி விட்ட குழம்பாகவோ மாற்றுங்கள். ஒரு வேளையில் ஒரு பால்கறி என்பது நல்ல வரம்பு.

இனிச் சட்டிக் கணக்குக்கு வருகிறேன். இம்முறையின் உயிர் இதில்தான் இருக்கிறது. ஆகவே ஒரு பருப்புக் கறியை முழுவதுமாகக் காட்டுகிறேன். நால்வருக்கு 200 கிராம் மைசூர்ப் பருப்பு எடுத்தால் அதில் 700 கலோரி. நூறு கிராம் தேங்காய்ப்பூவைப் பிழிந்த பால் விட்டால் 350. பிழிந்த சக்கையில் ஒரு பகுதி தங்கிவிடும் என்பது உண்மையே என்றாலும், வீட்டில் அதைப் பிரித்து அளக்க வழியில்லை. முழுவதையும் எழுதிவிடுவது பாதுகாப்பானது. தாளிக்க இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் 240. வெங்காயம், பச்சை மிளகாய், உள்ளி எல்லாவற்றுக்கும் 40. மொத்தம் 1,330 கலோரி. கறி இறங்கியதும் சட்டியோடு நிறுத்து, கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்த வெறும் சட்டியின் நிறையைக் கழியுங்கள். மிச்சம் 1,000 கிராம் என்றால், நூறு கிராம் கறிக்கு 133 கலோரி. உங்கள் அகப்பை 80 கிராம் பிடிக்குமானால், ஓர் அகப்பை 106 கலோரி.

அதே கறியில் தேங்காய்ப்பூவை 50 கிராமாகவும், எண்ணெயை இரண்டு தேக்கரண்டியாகவும் குறைத்தால் மொத்தம் 995 கலோரிக்கு இறங்கும். ஆளுக்கு 84 கலோரி குறைந்திருக்கிறது. பருப்பில் ஒரு மணிகூடக் குறையவில்லை. பருப்பின் புரதம்தான் வயிறு நிறைந்த உணர்வைத் தருவது என்பதால் அதைக் குறைக்கவும் கூடாது. பால் குறைந்ததை ஈடுகட்ட, வெந்த பருப்பில் ஒரு பகுதியை அகப்பையின் பின்புறத்தால் நன்றாக மசித்துவிடுங்கள், கறி தடித்துவிடும். எங்கள் வீட்டில் வேறுபாட்டை முதலில் கண்டுபிடித்தவர் அம்மா. அவரும் இரண்டாவது வாரத்துக்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

இப்படி வழமையாக வைக்கும் பத்துக் கறிகளுக்கு ஒருமுறை கணக்குப் போட்டால் போதும். பெரும்பாலான வீடுகளில் அந்தப் பத்துத்தான் மாறிமாறி வருகின்றன.

சோறு

ரைஸ் குக்கரோடு வரும் சிறு கோப்பை 180 மில்லிலீற்றர் கொள்ளும்; அதில் ஏறத்தாழ 150 கிராம் அரிசி பிடிக்கும், அதாவது சுமார் 540 கலோரி. நால்வருக்கு நான்கு கோப்பை போட்டு, பானையில் மிச்சமில்லாமல் முடிந்தால் ஒவ்வொருவரும் ஒரே வேளையில் சோற்றில் மட்டும் 540 கலோரி உண்டிருக்கிறார்கள். இரண்டரைக் கோப்பையாகக் குறைத்தால் அது ஆளுக்கு 340க்குச் சற்றுக் குறைவாகிவிடும். தட்டில் குறைப்பதைவிடப் பானையில் குறைப்பது எளிது. பானையில் சோறு இருந்தால் எவர் கையும் அதை நோக்கிப் போகும். ஒரேயடியாகக் குறைக்காமல், வாரத்துக்கு அரைக் கோப்பை வீதம் குறைத்துக்கொண்டே போய், அந்த இடத்தை மரக்கறியால் நிரப்புங்கள்.

சிவப்பரிசியில் நார்ச்சத்துக் கூடுதல், மெதுவாகச் செரிக்கும். அதனால் அதை விரும்பிச் சாப்பிடலாம். கலோரி மட்டும் வெள்ளை அரிசிக்கு ஏறத்தாழச் சமமே. தேங்காயெண்ணெய் விட்டு அவித்த சோற்றைப் பன்னிரண்டு மணி நேரம் குளிரூட்டினால் கலோரி பாதியாகிவிடும் என்ற செய்தியையும் பலர் கேட்டிருப்பீர்கள். இது கொழும்பிலுள்ள இரசாயன விஞ்ஞானக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 2015இல் அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் மாநாட்டில் முன்வைத்த ஆய்விலிருந்து வந்தது. எளிதில் செரிக்காத மாச்சத்து அவ்வாறு கூடுவதை அவர்கள் கண்டனர். பாதியாகும் என்பதோ, மிகப் பொருத்தமான அரிசி வகையில் அதுவரை எட்டலாம் என்ற அவர்களின் எதிர்பார்ப்பு. அதை நம்பி இன்னோர் அகப்பை போட்டுக்கொள்ளாதீர்கள். மிஞ்சிய சோற்றைக் கொழும்பு வெக்கையில் மாலைவரை அடுப்படியில் வைக்காமல், ஆவி அடங்கியதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுவது எப்படியும் நல்ல பழக்கம்.

மரவள்ளி, உருளைக்கிழங்கு, ஈரப்பலா, பலாக்காய் ஆகியவற்றைக் கறி என்று எண்ணாமல் சோற்றின் பங்காளிகளாக எண்ணுங்கள். அவை சட்டியில் இருக்கும் நாளில் சோறு ஓர் அகப்பை குறைய வேண்டும்.

இடியப்பம், பிட்டு, பாண்

இவற்றுக்கு மாவை நிறுப்பதே எளிய வழி. 250 கிராம் அரிசிமாவில் சுமார் 900 கலோரி. அதில் இருபது இடியப்பம் பிழிந்தால் ஒன்றுக்கு 45. ஐந்து இடியப்பம் 225 கலோரி என்பது இரவுக்கு அளவானது. அதோடு வரும் சொதியையும் சம்பலையும் பார்த்துக்கொண்டால் போதும். அதே மாவில் 100 கிராம் தேங்காய்ப்பூ சேர்த்துப் பிட்டு அவித்தால் மொத்தம் 1,250 ஆகிவிடும். பிட்டில் தேங்காய்ப்பூவைப் பாதியாக்கி, துருவிய கரட்டையோ நறுக்கிய முருங்கையிலையையோ சேர்த்து அவிக்கலாம். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இப்போது முருங்கையிலைப் பிட்டையே கேட்கிறார்கள்.

ஓர் இறாத்தல் பாண் 450 கிராம். சுமார் 1,170 கலோரி. கால் இறாத்தலுக்கு 290. பூசும் மாஜரின் ஒரு மேசைக்கரண்டி என்றால் இன்னும் 100.

தேநீர்

இதைச் சுருக்கமாகச் சொல்லலாம், ஆனால் பலருக்கு முதல் வெற்றி இங்கேதான் கிடைக்கிறது. இரண்டு தேக்கரண்டி சீனியும் ஒரு மேசைக்கரண்டி பால்மாவும் சேர்ந்த ஒரு கோப்பையில் சுமார் 80 கலோரி. நாளுக்கு ஐந்து கோப்பை என்றால் 400. அது ஒரு வேளைச் சாப்பாடு. வாரத்துக்கு அரைத் தேக்கரண்டி வீதம் சீனியைக் குறையுங்கள், நாக்குப் பழகிவிடும். பனங்கட்டிக்கும் கித்துள் கருப்பட்டிக்கும் மாறினாலும் கலோரி குறையாது. குளிர்பானப் போத்தல்களில் இலங்கையில் 2016 முதல் சீனியின் அளவைக் காட்டும் நிறக் குறி இருக்கிறது. சிவப்பு என்றால் 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சீனி. சிவப்பை வீட்டுக்குள் கொண்டுவராமல் இருப்பது நல்லது.

பரிமாறும் ஒழுங்கு

தட்டில் முதலில் சோற்றைப் போட்டால் அதுவே அளவைத் தீர்மானித்துவிடும். ஆகவே முதலில் தட்டின் பாதியை இரண்டு வகை மரக்கறியாலும் ஒரு கீரைச் சுண்டலாலும் அல்லது வல்லாரைச் சம்பலாலும் நிரப்புங்கள். கால்பங்கில் மீன், முட்டை, கோழி, பருப்பு, கடலை ஆகியவற்றுள் கிடைப்பதை வையுங்கள். மிஞ்சும் கால்பங்கு சோற்றுக்கு. சட்டிகளை மேசைக்குக் கொண்டுவராமல் அடுப்படியிலேயே விட்டுவிட்டு, தட்டோடு வந்து அமர்வது சிறிய மாற்றமே என்றாலும் மிகவும் உதவுகிறது.

நம் வீடுகளில் இதைவிடக் கடினமானது பரிமாறுபவரின் அன்பு. “பிள்ளை, மெலிஞ்சு போனாய், இன்னும் கொஞ்சம் போடட்டே?” என்று மாமி அகப்பையோடு நிற்கும்போது கலோரிக் கணக்குச் சொல்லிப் பயனில்லை. “காணும் மாமி. உங்கட கீரை நல்லாயிருக்கு, அதில கொஞ்சம் போடுங்கோ” என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கொடுத்த மனமும் நிறையும், தட்டும் கெடாது. வீட்டில் சமைப்பவரைத் தொடக்கத்திலேயே இந்த முயற்சியில் சேர்த்துக்கொள்வது இன்னும் நல்லது. அவருடைய சமையலைக் குறைசொல்வதாக அவர் உணர்ந்துவிட்டால் எந்தத் தராசும் உதவாது.

வெளியில் சாப்பிட வேண்டிவரும் நாளில், சோற்றுப் பார்சலைப் பிரித்ததும் சோற்றில் பாதியைத் தனியாக ஒதுக்கிவிட்டுச் சாப்பிடத் தொடங்குங்கள். கொத்துரொட்டியை இருவர் பகிரலாம். ரோல்ஸ், பற்றிஸ் போன்றவை பசிக்கு உண்பவை அல்ல என்று முடிவு செய்துவிட்டால், அலுவலகத்திலிருந்து வீடு திரும்பும் வழியில் வரும் பசிக்கு ஒரு கைப்பிடி அவித்த கடலையோ ஒரு கொய்யாப்பழமோ பையில் இருக்க வேண்டும்.

நிறையைப் பார்ப்பதும் திருத்துவதும்

வாரத்தில் மூன்று நாள், காலைக்கடன் முடித்து, எதுவும் உண்பதற்கு முன் நிறுத்து, மூன்றின் சராசரியை எழுதுங்கள். உப்புக் கூடிய உணவு, மாதவிடாய், முந்தைய இரவின் தாமதமான சாப்பாடு ஆகியவற்றால் ஒரே நாளில் ஒரு கிலோவரை ஏறி இறங்கும். அது கொழுப்பன்று, நீர். மாதத்துக்கு ஒருமுறை தொப்புளுக்குச் சற்று மேலே, மூச்சை வெளியே விட்ட நிலையில் இடுப்பை அளவிடுங்கள். ஆறு மாதத்தில் இப்போதுள்ள நிறையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தால் அது மிக நல்ல முன்னேற்றம்; 80 கிலோ உள்ளவருக்கு 4 முதல் 8 கிலோ. அந்த அளவிலேயே குருதியின் சீனியும் அழுத்தமும் பலருக்கு இறங்கத் தொடங்கும். மாலையில் மரைன் டிரைவில் அரைமணி நேரம் நடப்பது இதற்குத் துணை. ஆனால் அந்த நடையில் எரிவது ஒரு மேசைக்கரண்டி எண்ணெய்க்குச் சற்றுக் கூடக்குறைய என்பதால், நடந்த துணிவில் வழியில் வடை வாங்கிவிட வேண்டாம்.

மூன்று வாரம் தொடர்ந்து நிறை அசையாமல் நின்றால், சோற்றை மேலும் குறைக்க விரையாதீர்கள். முதலில் எண்ணெய்ப் போத்தலின் திகதியைப் பாருங்கள். அடுத்து அகப்பையை மீண்டும் தராசில் வையுங்கள். முதல் வாரம் 80 கிராம் கோலிய கை, மூன்றாவது மாதத்தில் தன்னை அறியாமல் 110 கிராம் கோலிக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டில் இரண்டு முறை நிறை நின்றுபோனது. ஒருமுறை காரணம் அகப்பை. மற்றொரு முறை, கொப்பியில் எழுதப்படாத இரவு பத்துமணிப் பால்தேநீர்.